ஒரே படியால் அளப்போம்

வாங்குவதற்கு ஒரு படி, விற்பதற்கு வேறொரு படி என வைத்திருப்பவனை இறைவன் வெறுக்கிறார் என்பது நீதிமொழிகள் நூலின் போதனை (20:10). அத்தகைய இரு படிகள் அங்காடியில் மட்டுமன்று, நம் மறையுரை மேடையிலும் உள்ளன என்பதை அண்மையில் உணர்ந்தோம்.

திருமணமொன்றை ஆசீர்வதிக்கப் பெங்களூர் சென்றிருந்தோம். பீர்க்கன்கரணையில் வளர்ந்து அங்கே பணிபுரியும் இளைஞர் சிலர், மறுநாள் மதிய உணவுக்கு இந்திரா நகர் நூறடிச் சாலையிலுள்ள 'டாய்ட்' விடுதிக்கு நம்மை அழைத்துச் சென்றனர். 2010-இல் தொடங்கப்பட்ட அவ்விடுதி தனக்கு வேண்டிய பியரைத் தானே வடிக்கிறது. முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, அச்சாற்றை ஹாப்ஸ் பூக்களுடன் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவிடுவர். பாசுமதி அரிசி சேர்த்த வகையும் உண்டு. உண்டோம், ஒரு குவளை பருகவும் செய்தோம். மறைப்பானேன்? எவரும் தள்ளாடவில்லை.

"ஃபாதர், துறவிகள் வளர்த்த கலைதானே இது?" என்றார் ஓர் இளைஞர். உண்மையே. கானாவூர்த் திருமணத்தில் ஆண்டவர் தந்தது வெறும் தண்ணீர் அன்று. புனித ஆசீர்வாதப்பரும் தம் ஒழுங்குநூலின் 40-ஆம் அதிகாரத்தில் துறவிக்கு நாளொன்றுக்கு ஓர் 'எமினா' அளவு திராட்சை இரசத்தை அனுமதித்தார். பெல்ஜியத்தின் வெஸ்ட்விளெட்டரன் மடத்துத் துறவியர் இன்றும் பியர் வடிக்கின்றனர். ஆயினும் மடத்தின் தேவைக்கு மேல் விற்பனையைப் பெருக்க மறுக்கின்றனர். அளவு, உழைப்பு, பொது மேசை ஆகிய மூன்றும் சேர்ந்ததே துறவியரின் குவளை. இவற்றை விட்டுவிட்டுக் குவளையை மட்டும் எடுத்துக்கொள்பவர் துறவியரைச் சாட்சிக்கு அழைக்கலாகாது.

அன்றிரவே திரும்பி, ஜி.எஸ்.டி. சாலையில் இறங்கினோம். சாலையோர இருளில் கட்டடத் தொழிலாளர் ஒருவர் நின்றபடியே 'குவார்ட்டர்' புட்டியை வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். மேசை இல்லை, சோறு இல்லை, பேச்சுத்துணை இல்லை. வரும் ஞாயிறு மறையுரைக்கு நாம் எழுதி வைத்திருந்த கண்டனம் முழுவதும் அவரைப் பற்றியதே. நண்பகலில் நாம் அமர்ந்திருந்த மேசையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை!

கணக்கையும் பார்ப்போம். 180 மி.லி. பிராந்தியில் 42.8 விழுக்காடு ஆல்கஹால். ஏறத்தாழ 77 மி.லி. ஐந்து விழுக்காடு கொண்ட 330 மி.லி. பியரிலோ 16.5 மி.லி. மட்டுமே. ஏழையின் கையில் நான்கு மடங்குக்கும் மேலாகத் தருவது யார்? 2003 முதல் சில்லறை விற்பனையைத் தன்வசம் வைத்திருக்கும் அரசின் டாஸ்மாக் நிறுவனம் அன்றோ? பியரைப்போல் மென்மையான கள்ளோ 1987 முதல் தமிழகத்தில் தடைசெய்யப்பட்டுள்ளது. பனையேறி இறக்கினால் குற்றம். கண்ணாடிச் சுவருக்குப்பின் எஃகுத் தொட்டியில் வடித்தால் பண்பாடு! நம் மாநிலத்திலும் அத்தகைய விடுதிகள் வேண்டும் என்போர் இம்முரண்பாட்டை எண்ணிப் பார்த்தனரா?

கள்ளுக்கு வக்காலத்து வாங்குகிறோம் என எவரும் எண்ணற்க. குடியால் தந்தையை இழந்த பிள்ளைகளின் கண்ணீரைக் கல்லறைத் தோட்டத்தில் பலமுறை கண்டவர்கள் நாம். நம் கேள்வி வேறு. ஏழையின் குடியைப் பாவம் என்றும், செல்வரின் குடியை நாகரிகம் என்றும் கூறும் மறையுரை நற்செய்தி ஆகுமா? குடித்தவனை மட்டும் கண்டித்து, விற்பவரிடம் வாய்மூடி நிற்பது விவேகமா, கோழைத்தனமா? வசதி படைத்த பங்குமக்களின் இல்ல விழாக்களில் மாடியில் நடக்கும் மது விருந்தைக் காணாததுபோல் நாம் ஆசீர் வழங்கித் திரும்பியதில்லையா? 'ஊருக்குத்தான் உபதேசம்' என்னும் பழமொழி நம்மை நோக்கியும் சொல்லப்படுகிறது.

எழுதி வைத்ததைக் கிழித்தெறிந்தோம். அந்த ஞாயிறன்று முதலில் நம் பெங்களூர்க் குவளையை அறிக்கையிட்டோம். அதன் பின்னரே அரசின் கடையையும், செல்வரின் மாடியையும், தொழிலாளரின் புட்டியையும் பற்றிப் பேசினோம். முன்வரிசையில் சிலர் முகம் சுளித்தனர். சுளிக்கட்டும்! படி ஒன்றானால்தான் வாசலருகே நிற்பவனும் நம் சொல்லுக்குச் செவிகொடுப்பான்.