கட்டைவிரல் காட்டினால் மெய்ப்பு ஆகுமா?

கல்யாணப் பத்திரிகையில் தாத்தா பெயரில் ஓர் எழுத்து மாறினால் போதும், "சிவகாசியில கெடுத்துட்டாங்க" என்பார்கள் நம் வன்னியம்பட்டியில். இதை நான் ஒப்பமாட்டேன். காலண்டரும் லேபிளும் நாடெங்கும் அனுப்புகிற ஊர் அது. இயந்திரம் கொடுத்ததைத்தான் அடிக்கும். பெரும்பாலும் கெடுவது அதற்கு முன்னால், டிசைன் கடையில்.

இப்போதைய நடைமுறை என்ன? வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். "பார்த்துட்டு ஓகே போடுங்க சார்." உள்ளங்கை அகலத் திரையில் எழுபது வயதுக் கண் எதைப் பார்க்கும்? கட்டைவிரலைக் காட்டியதும் ஆயிரம் பிரதி அடித்து வந்துவிடும். எங்கள் உறவில் ஒரு பத்திரிகையில் ஸ்ரீவில்லிபுத்தூரின் 'ஸ்ரீ' இருந்த இடத்தில் வெறும் கட்டம்! "நீங்கதானே ஓகே சொன்னீங்க?" என்றார் கடைக்காரர். நாங்கள் பார்த்த படத்தில் 'ஸ்ரீ' இருந்ததே!

சூட்சுமம் இங்கேதான். நமக்குக் காட்டுவது ஒன்று, அச்சுக்குப் போகும் கோப்பு வேறொன்று. கடையில் உள்ள எழுத்துரு அச்சகத்தில் இல்லாவிட்டால் எழுத்து சிதறும். பாமினியில் அடித்தது, பாமினி இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாகும். 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்ற பிறகும் இந்தத் தொல்லை தீரவில்லை. மருந்து உண்டு: எழுத்துகளை 'கர்வ்' ஆக்கி, பிடிஎஃப் கோப்பாக அனுப்புவது. அதன்பின் எழுத்து வெறும் கோட்டுருவம், சிதறாது. ஆனால் ஓர் எழுத்தைத் தட்டித் திருத்தவும் முடியாது. ஆகவே பிழைதிருத்தம் முன்பே முடிய வேண்டும். அந்தக் கடைசிக் கோப்பையே தாளில் எடுத்துக் காட்டவும் வேண்டும்.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரெஞ்சு அச்சகங்களில் 'போன் அ தீரே' என்றொரு வழக்கம் உண்டு. 'அச்சிடலாம்' என்று பொருள். கடைசி மெய்ப்பில் வாடிக்கையாளர் அப்படி எழுதிக் கையெழுத்திட்ட பிறகே அச்சு ஓடும். நம் அலுவலகங்களில் மட்டும் என்ன? தட்டச்சான கடிதத்தை ஒருவர் வாசிக்க, ஒருவர் ஒப்புநோக்கிய பிறகுதானே அதிகாரி மேசைக்குப் போகும்!

"தாளில் எடுத்தால் ஒருநாள் தாமதம்" என்கிறார்கள். ஆயிரம் பத்திரிகையை மறுபடி அடிக்க எத்தனை நாள்?

நம் கடமையும் உண்டு. பத்துக் கை மாறி வந்த போட்டோவைக் கொடுத்துவிட்டுத் தெளிவு கேட்கக் கூடாது. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 4 அங்குலப் படத்துக்கு அகலத்தில் 1200 புள்ளி. மூலப்படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், சுருங்காது.

அன்பர்களே, தாள் கைக்கு வராமல் ஓகே சொல்லாதீர்கள். கேட்பது நம் உரிமை.