எத்தனை பிள்ளை என்று மட்டும் கேட்ட மருத்துவம்

1930-ல் மைசூர் சமஸ்தானம் கருத்தடை ஆலோசனை மையங்களைத் திறந்தது. திவானாக இருந்தவர் மிர்சா இஸ்மாயில். அரசே முன்னின்று நடத்திய இத்தகைய மையங்களில் உலகிலேயே முதலில் வந்தவை என்று இவற்றைத்தான் பொதுவாகச் சொல்கிறார்கள். மருத்துவக் கல்லூரி பெங்களூரிலிருந்து மைசூருக்கு இடம்பெயர்ந்ததும் அதே ஆண்டுதான். பல்கலைக்கழகத்தில் எம்.வி. கோபாலசுவாமி 1924-லேயே உளவியல் துறையைத் தொடங்கிவிட்டார். இத்தனையும் ஒரே ஊரில் இருந்தும், கணவனும் மனைவியும் படுக்கையறையில் நிம்மதியாக இருக்கிறார்களா என்ற கேள்வி எந்தத் துறையின் பொறுப்பாகவும் ஆகவில்லை. அரசுக்குப் பிள்ளைகளின் கணக்குப் போதுமானதாக இருந்தது.

1952-ல் அந்தக் கேள்வியைக் கேட்கத் தகுந்த ஒருவரின் திட்டம் மைசூர் மாநிலத்துக்கு வந்தது. ஆபிரகாம் ஸ்டோன், அமெரிக்காவில் திருமண ஆலோசனையைத் தனித் துறையாக வளர்த்த மருத்துவர்களில் ஒருவர். மனைவி ஹன்னாவோடு சேர்ந்து தாம்பத்யக் கையேடு எழுதியவர். அப்போதைய மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் காந்தியவாதி. கருத்தடைச் சாதனங்களில் அவருக்கு நாட்டமில்லை. எனவே உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஸ்டோன் வகுத்தது, 'பாதுகாப்பான நாள்' பார்க்கும் முறை. அம்மாநிலத்தின் ராமநகரத்துப் பெண்களுக்குச் சிவப்பும் பச்சையுமாக மணிமாலை கொடுத்தார்கள். நாளுக்கு ஒரு மணி தள்ள வேண்டும். இருட்டில் நிறம் தெரியவில்லை என்ற புகார் வந்தது. மாலை என்ன சொன்னாலும் கணவனிடம் 'இன்று வேண்டாம்' என்று சொல்ல அந்தப் பெண்ணால் முடியுமா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாகத் தெரிகிறது. அதற்கு மணியில்லை.

அந்தக் கேள்வியை அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் கேட்டார்கள். மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970-ல் தம்பதியை ஒருசேர உட்கார வைத்துச் சிகிச்சை தந்த அனுபவத்தை நூலாக்கினார்கள். ஒருவருக்குச் சிக்கல் என்றால் மற்றவர் வேடிக்கை பார்ப்பவர் அல்ல என்பது அவர்களின் அடிப்படை. ஆசையே எழாமல் போவதும் தனிச் சிக்கல்தான் என்று பாலுறவுச் சிகிச்சையாளர் ஹெலன் காப்லான் அந்தப் பத்தாண்டின் இறுதியில் சேர்த்துச் சொன்னார்.

மைசூரு ஜே.எஸ்.எஸ். மருத்துவக் கல்லூரியின் மனநலப் பேராசிரியர் டி.எஸ். சத்யநாராயண ராவ் குழுவினர், தென்னிந்தியக் கிராம மக்களிடையே நடத்திய கணக்கெடுப்பை 2015-ல் வெளியிட்டார்கள். ஆண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கும் பெண்களில் ஏழில் ஒருவருக்கும் ஏதோவொரு பாலுறவுச் சிக்கல் இருந்தது. பெண்களின் எண்ணிக்கை குறைவு என்று நிம்மதியடைய எனக்குத் தயக்கம். வலியையும் விருப்பமின்மையையும் கல்யாணத்தோடு வந்தவை என்று ஏற்றுக்கொண்டவர்கள் அதைச் சிக்கல் என்று சொல்லவே மாட்டார்கள்.

நோயறிதலுக்கு இங்கேதான் வேலை. தொடக்கத்திலிருந்தே இருக்கிறதா, இடையில் வந்ததா? எப்போதுமா, துணையோடு இருக்கும்போது மட்டுமா? விடியற்காலை விறைப்பு வருகிற ஆணுக்கு உடல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பயமோ, மனக்கசப்போ, கூட்டுக்குடும்பத்தில் தாழ்ப்பாள் இல்லாத அறையோ காரணமாகலாம். விறைப்பு படிப்படியாகக் குறைந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், அவற்றுக்கோ மனச்சோர்வுக்கோ உண்ணும் மாத்திரை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இருவரையும் சேர்த்தும் கேட்க வேண்டும், தனித்தனியாகவும் கேட்க வேண்டும். வன்முறை இருந்தால் அவள் அவன் எதிரில் வாய் திறக்க மாட்டாள். குழந்தையில்லை என்று மாமியார் அழைத்துவரும் தம்பதிகளில் சிலர் இன்னும் உறவே கொண்டிருக்க மாட்டார்கள். அவர்களில், உறவின்போது தசை தானாக இறுகிக்கொள்ளும் பெண்ணுக்கு, பொறுமையான பயிற்சியால் பலன் கிடைக்கும். அதை விசாரிக்காமலேயே நேராகக் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு அனுப்பினால் பிள்ளை பிறக்கலாம், சிக்கல் அப்படியே இருக்கும்.

2022-ல் நடைமுறைக்கு வந்த உலக நோய்ப் பட்டியல், இந்தப் பாலுறவுச் சிக்கல்களை மனநோய்களின் வரிசையிலிருந்து எடுத்துப் பாலியல் நலம் என்ற தனி அத்தியாயத்தில் வைத்தது. உடலா மனமா என்ற பழைய வழக்கு அங்கே ஓரளவு முடிந்துவிட்டது. நம் சர்க்கரை நோய் மருத்துவமனைகளிலோ, கால் மரத்துப்போகிறதா என்று கேட்பார்கள், கண்ணைப் பார்ப்பார்கள். படுக்கையறை பற்றிய அடுத்த கேள்வி பெரும்பாலும் வருவதில்லை. நோயாளியும் சொல்லாமல் எழுந்து, பேருந்து நிலையத்துக்கு எதிரே லாட்ஜில் அறை எடுத்து மாதம் ஒருநாள் முகாம் போடும் 'நரம்புத் தளர்ச்சி' வைத்தியரிடம் போகிறார். தனியாகத்தான் போகிறார்.