"முதல் பெண்மணி" பட்டியலைத் தூக்கிக் கடாசுங்கள்

நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுக்கிற பெண்கள் வரலாறு மொத்தமும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். இடது பக்கம் "முதல் பெண் பிரதமர்", "முதல் பெண் ஐ.பி.எஸ்.", "முதல் பெண் மருத்துவர்". வலது பக்கம் ஆளுக்கொரு பெயர். மனப்பாடம் செய், வினாடி வினாவில் கை தூக்கு, ஸ்டீல் டப்பா பரிசு வாங்கு, வீட்டுக்கு வா. முடிந்தது கதை.

இந்தப் பட்டியலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெண்களைப் பெருமைப்படுத்துவது போல பாவ்லா காட்டிவிட்டு, அவர்கள் என்ன செய்தார்கள், யார் குறுக்கே நின்றார்கள் என்கிற பேச்சையே எடுக்காமல் தப்பிக்க நாம் கண்டுபிடித்த சுலபமான வழி இது. ஏன் இவ்வளவு காட்டமாகச் சொல்கிறேன் என்பதற்கு "முதல் பெண் மருத்துவர்" என்ற ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துக் கொள்கிறேன்.

இங்கே புனேயில் போன வருஷம் நம்மவர்கள் கூடிய ஒரு விழாவில் (எந்த அமைப்பு என்பதெல்லாம் வேண்டாம், எல்லா ஊரிலும் இதே கூத்துதான்) குழந்தைகளுக்கு க்விஸ் வைத்தார்கள். "இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் யார்?" இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பொடியன் "ஆனந்திபாய் ஜோஷி" என்றான். தப்பு என்று சொல்லிவிட்டார்கள். சரியான விடை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாம். அரங்கம் முழுக்கக் கைதட்டல். அந்தப் பையன் முகம் போன போக்கு இருக்கிறதே!

மக்களே, ஒரு சின்னக் கணக்கு. ஆனந்திபாய் அமெரிக்காவில் எம்.டி. பட்டம் வாங்கியது 1886 மார்ச் மாதம். அதே 1886ல் கல்கத்தாவில் காதம்பினி கங்குலி மருத்துவச் சான்றிதழ் வாங்கினார். நம்ம முத்துலட்சுமி அம்மையார் புதுக்கோட்டையில் பிறந்தது 1886 ஜூலை 30. அதாவது, அவர் தொட்டிலில் கிடக்கும்போது இரண்டு இந்தியப் பெண்கள் ஏற்கனவே மருத்துவம் படித்து முடித்திருந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் அவர் தேறியது 1912ல். வாட்ஸப்பில் பூங்கொத்துப் படத்தோடு இதை ஃபார்வர்ட் செய்கிற ஒருத்தருக்குக் கூடவா கழித்தல் கணக்கு தெரியாது?

"நம்ம ஊர்ப் பொம்பளைக்குப் பெருமைதானே, விட்டுத் தொலையேன்" என்று ஒரு பெரியவர் சொன்னார். பெருமையே இல்லை சார். முத்துலட்சுமி ரெட்டி செய்ததைப் பட்டியல் போட்டால் "முதல்" என்ற ஒட்டு வேலையே தேவைப்படாது. தேவதாசி குலத்தில் பிறந்த சந்திரம்மாளின் மகள். பையன்களோடு ஒரு பெண் படிப்பதா என்று ஊர் எதிர்த்தபோது, ராஜாவின் அனுமதியோடு மகாராஜா கல்லூரியில் படித்தவர். சென்னை சட்டமன்ற மேலவையில் துணைத் தலைவராக உட்கார்ந்து, பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை எதிர்த்துச் சட்டத்துக்காகப் போராடினார். 1930ல் அவ்வை இல்லம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தை மறக்காமல் வைத்திருந்து, 1954ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அங்கே வைத்தியம் பார்த்துப் பிழைத்து வந்தவர்கள் நம்மில் எத்தனை குடும்பத்தில் இருக்கிறார்கள்! இத்தனையும் இருக்க, இல்லாத ஒரு பட்டத்தை அவர் தலையில் கட்டுவது அவமரியாதை இல்லையா?

ஊர்ப் பெருமை வேண்டுமென்றால் உண்மையானதே கைவசம் இருக்கிறது. 1875லேயே சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக் கொண்டது. அப்போது கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. அதனால் 1882ல் அபலா தாஸ் என்ற வங்காளப் பெண் மருத்துவம் படிக்க சென்னைக்கு வந்தார். உடம்பு முடியாமல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பிற்பாடு விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸின் மனைவியானவர் இவர்தான். இதை எந்த க்விஸ்ஸிலாவது கேட்டதுண்டா? கேட்க மாட்டோம். இது பட்டியலில் அடங்காது.

*

சரி, விடையை "ஆனந்திபாய்" என்று திருத்தி எழுதிவிட்டால் போதுமா? போதாது. சொல்லப் போனால் இங்கிருந்துதான் என் கோபமே ஆரம்பிக்கிறது.

ஆனந்திபாய்க்கு ஒன்பது வயதில் கல்யாணம். கணவர் கோபால்ராவ் தபால் இலாகா குமாஸ்தா, மனைவியை இழந்தவர், கிட்டத்தட்ட இருபது வயது மூத்தவர். பதினாலு வயதில் பிள்ளை பெற்றார், அது பத்து நாளில் இறந்தது. வைத்தியம் படிக்க வேண்டும் என்ற வைராக்கியம் அப்போது வந்தது. 1883ல் கல்கத்தாவிலிருந்து கப்பல் ஏறினார். பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரி. குளிர், ஒத்துக்கொள்ளாத சாப்பாடு, காசநோய். பட்டத்தோடு திரும்பியவருக்குக் கோல்ஹாப்பூர் ஆஸ்பத்திரியில் பெண்கள் பிரிவின் பொறுப்பு காத்திருந்தது. அந்த நாற்காலியில் அவர் உட்காரவே இல்லை. 1887 பிப்ரவரி 26, புனேயில் இறந்து போனார். இருபத்திரண்டு வயதுகூட முடியவில்லை.

படித்தால் நெஞ்சை அடைக்கிறது, உண்மைதான். ஆனால் நாம் இந்தக் கதையை எப்படிச் சொல்கிறோம் பாருங்கள். "மனைவியைப் படிக்க வைத்த புரட்சிக் கணவர்." படிக்காமல் அடுப்படியில் இருந்தாள் என்பதற்காக அதே கணவர் அந்தச் சிறுமியை அடித்தார் என்பதை ஏன் விட்டுவிடுகிறோம்? அடி வாங்கியதும் வரலாறு, கப்பல் ஏறியதும் வரலாறு. ஒன்றை மட்டும் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டுவது வரலாறு இல்லை, கல்யாண ஆல்பம்.

இப்போது காலண்டரைக் கொஞ்சம் புரட்டுங்கள். ஆனந்திபாய் இறந்து சரியாக ஆறு நாள் கழித்து, 1887 மார்ச் 4. பம்பாய் உயர்நீதிமன்றம். ருக்மாபாய் என்ற பெண்ணிடம் நீதிபதி ஃபாரன் சொல்கிறார்: கணவனோடு போய்க் குடும்பம் நடத்து, இல்லையென்றால் ஆறு மாதம் ஜெயில். அவர் ஜெயிலுக்கே போகிறேன் என்றார்.

பதினோரு வயதில் தாதாஜி பிகாஜி என்பவருக்குக் கட்டி வைக்கப்பட்டவர் ருக்மாபாய். அம்மா வீட்டிலேயே வளர்ந்து படித்தார். பெரியவளானதும், எனக்கு விவரம் தெரியாத வயதில் யாரோ செய்து வைத்த கல்யாணம் என்னைக் கட்டுப்படுத்தாது என்று போக மறுத்தார். 1884ல் கணவர் வழக்குப் போட்டார். அடுத்த வருஷம் நீதிபதி பின்ஹே அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். மேல்முறையீட்டில் வழக்கு திரும்பி வந்து, பிறகு வந்ததுதான் ஃபாரன் தீர்ப்பு. திலகர் உட்பட இந்த ஊர்ப் பெரிய தலைகள் பலர் அவருக்கு எதிராக நின்றார்கள். கடைசியில் 1888ல் கணவர் இரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஒதுங்கினார். ருக்மாபாய் லண்டன் போய் மருத்துவம் படித்து 1894ல் தேறினார். சூரத்திலும் ராஜ்கோட்டிலும் முப்பது வருஷத்துக்கு மேல் வைத்தியம் பார்த்தார். 1955ல் தொண்ணூறாவது வயதில்தான் காலமானார். பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய 1891 சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவர் வழக்கைத் தொடாமல் போக முடியாது.

ஒருத்தர் பட்டம் வாங்கி ஒரு வருஷத்தில் இறந்தார். இன்னொருத்தர் வாழ்நாள் முழுக்க நோயாளிகளைப் பார்த்தார். நம்ம பிள்ளைகளுக்கு யாரைத் தெரியும்? ஏன் என்று யோசித்துப் பாருங்கள். ஆனந்திபாய் புருஷன் சொன்னபடி படித்தவர், அமெரிக்காவிலும் புடவையை விடாதவர், யாருக்கும் சங்கடம் தராமல் சின்ன வயதில் போய்விட்டவர். இதில் அவர் குற்றம் எள்ளளவும் கிடையாது. அவரை நமக்குப் பிடித்ததன் காரணத்தைத்தான் கேட்கிறேன். ருக்மாபாயோ "மாட்டேன்" என்று சொன்னவர். "மாட்டேன்" சொன்ன பெண்ணின் படத்தைப் பெண் குழந்தை படிக்கும் அறையில் மாட்ட நமக்குக் கை வராது.

*

காதம்பினி கதை இன்னொரு ரகம். 1883ல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சந்திரமுகி போஸோடு சேர்ந்து பட்டம் பெற்றவர். மருத்துவத்தில் ஒரு பாடத்தில் தேறவில்லை என்று முழுப் பட்டம் தராமல், ஜி.பி.எம்.சி. என்ற சான்றிதழோடு அனுப்பினார்கள். அதை வைத்தே வேலை பார்த்தார். 1888ல் டஃப்ரின் பெண்கள் மருத்துவமனையில் மாதம் முந்நூறு ரூபாய் சம்பளம். வீட்டில் எட்டுக் குழந்தைகள். 1891ல் "பங்கபாசி" என்ற பத்திரிகை அவரை வேசி என்று ஜாடையாக எழுதியது. கணவர் துவாரகாநாத்தும் அவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். ஆசிரியருக்கு நூறு ரூபாய் அபராதம், ஆறு மாதச் சிறை. அதற்குப் பிறகு பிள்ளைகளை விட்டுவிட்டு பிரிட்டன் போய் 1893ல் மேல்தகுதி வாங்கி வந்தார். 1923 அக்டோபர் 3, அன்றைக்கும் ஒரு ஆபரேஷனை முடித்துவிட்டு வீடு திரும்பியவர், அன்றே இறந்தார்.

இவரைப் பற்றி 2020ல் வங்காளத்தில் தொலைக்காட்சித் தொடர் எடுத்தார்கள். பெயர் என்ன தெரியுமா? "ப்ரதமா காதம்பினி". அங்கேயும் அதே "முதல்"! மராட்டியரும் வங்காளிகளும் முதல் யார் என்று சண்டை, ஊடே நாமும் புகுந்து கட்டை வண்டியை ஓட்டுகிறோம்.

எந்தப் பட்டியலிலும் வராத ஹைமாவதி சென் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதரை வயதில் நாற்பத்தைந்து வயதுக்காரருக்குக் கல்யாணம், பத்து வயதில் விதவை. கல்கத்தா கேம்ப்பெல் மருத்துவப் பள்ளியில் படித்து முதல் மதிப்பெண் வாங்கினார். தங்கப் பதக்கம் ஒரு பெண்ணுக்கா என்று பையன்கள் கலாட்டா செய்தார்கள். அவர் வெள்ளியோடு ஒதுங்கிக்கொண்டு, சின்சுராவில் பெண்கள் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகள் ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தது 2000ல்தான். முதல் மதிப்பெண் எடுத்தும் "முதல்" ஆக முடியாதவர். உங்கள் க்விஸ்ஸில் இவருக்கு எந்தக் கேள்வி?

*

"அட, குழந்தைகளுக்கு இவ்வளவு எதுக்கு? பரீட்சைக்கு ஒரு வரி போதும், ஒரு உந்துதலுக்குத்தானே" என்பீர்கள். பரீட்சைக்கு ஒரு வரி போதும், ஒத்துக்கொள்கிறேன். உந்துதல் என்பதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஏனென்றால் இந்தப் பட்டியல் பட்டம் வாங்கிய நாளோடு நின்றுவிடுகிறது. நம்ம குடும்பங்களும் அங்கேயே நின்றுவிடுகின்றன. புனே, நொய்டா, குர்காவ், ஹைதராபாத் என்று எங்கே போனாலும் நம்ம அடுக்குமாடிகளைக் கவனியுங்கள். வீட்டுக்கு ஒரு பி.இ., எம்.எஸ்ஸி., சில வீட்டில் கோல்டு மெடல். அவருக்கு மாற்றல் வந்தது, இவர் வேலையை விட்டார். குழந்தை பிறந்தது, திரும்பச் சேரவில்லை. ஊர் விட்டு ஊர் வந்ததில் பார்த்துக்கொள்ள அம்மாவும் இல்லை, மாமியாரும் இல்லை. பட்டமளிப்புப் போட்டோ மட்டும் ஹாலில் தொங்குகிறது. "எங்க குடும்பத்திலேயே முதல் பெண் என்ஜினியர்" என்று மாமனார் வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார். அந்த என்ஜினியர் உள்ளே பஜ்ஜி போட்டுக்கொண்டிருப்பார். வேலைக்குப் போவதும் போகாததும் அவரவர் இஷ்டம், அதில் மூக்கை நுழைக்கவில்லை. ஆனால் அந்த இஷ்டத்தை யாராவது அவரிடம் கேட்டார்களா?

பட்டத்தோடு கதையை முடிக்கும் வரலாற்றைப் படித்து வளர்கிற பெண்ணும், அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற பையனும், பட்டம் வந்தால் போதும், ஜெயித்தாகிவிட்டது என்றுதான் நம்புவார்கள். காதம்பினியின் எட்டுக் குழந்தைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்கத் தெரிந்த பையன்தான் நாளைக்குத் தன் வீட்டிலும் அந்தக் கேள்வியைக் கேட்பான்.

ஆகவே, அடுத்த விழாவுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கப் போகும் புண்ணியவான்களே, "முதலில் யார்?" என்பதை விடுங்கள். வேறு நாலு கேள்வி தருகிறேன். யார் தடுத்தார்கள்? பணம் யார் கொடுத்தார்கள்? பட்டம் வாங்கிய மறுநாள் என்ன வேலை செய்தார்? அவருக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தவர் யார்? இதற்கு ஒரு வரியில் பதில் வராது. குழந்தைகள் புத்தகத்தைத் தேடிப் படித்தாக வேண்டும். கேள்வி கேட்கிறவர்களும்தான்.