ஆலோசகர் என்ன வேலை பார்த்தவர்?

பள்ளியில் சமத்துவம் கொண்டுவர அரசு ஒரு குழு போட்டால், அது என்ன பரிந்துரைத்தது என்றுதான் நாம் கேட்கிறோம். அதில் இருப்பவர்கள் அதுவரை என்ன வேலை பார்த்தவர்கள் என்று கேட்பதில்லை. கேட்க வேண்டும். பார்த்த வேலையைப் பொறுத்துத்தான் சில விஷயங்கள் ஒருவர் கண்ணில் படுகின்றன, சில படாமல் போகின்றன.

நம் மண்ணிலேயே இதற்குப் பழைய சாட்சி உண்டு. தாம்பரம் அடங்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர், பறையர் நிலை குறித்து 1891இல் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். பட்டா, வரி, குத்தகை என்று பார்த்துப் பழகிய வருவாய்த் துறைக்காரர். குடியிருக்கும் மனைகூட நம் மக்களுக்குச் சொந்தமில்லை என்பது அதனால்தான் அவருக்குத் தெரிந்தது. 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது.

இன்றைக்கு வருவோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர், மாணவர் இயக்கத்தில் இருந்தவர், வழக்கறிஞர், பிறகு நீதிபதி. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை துணிச்சலானது: கையில் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி கூடாது, தலைமை ஆசிரியர்களை அவ்வப்போது இடம் மாற்ற வேண்டும். கவனித்துப் பாருங்கள், இவை எல்லாமே ஆணையாகப் போடக்கூடியவை. ஒரு நீதிபதி அப்படித்தான் யோசிப்பார். அது தவறும் இல்லை. ஆனால் சாதிப் பெயர் சொல்லித் திட்டியவனையும் திட்டு வாங்கியவனையும் மறுநாள் காலை ஒரே வகுப்பில் வைத்து எப்படிப் பாடம் நடத்துவது? அது ஆசிரியருக்குத்தான் தெரியும்.

மாநிலக் கல்விக் கொள்கைக் குழுவுக்கும் 2022இல் நீதிபதிதான் தலைவர், முருகேசன். உறுப்பினர்களில் சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த், பாடகர் டி.எம். கிருஷ்ணா, எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன், பேராசிரியர் இராமானுஜம் ஆகியோர் இருந்தார்கள். முன்னாள் துணைவேந்தர் ஜவகர் நேசன் 2023 மே மாதம் அதிகாரிகளின் தலையீட்டைச் சொல்லி விலகினார். ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலிருந்து ஒருவர்: நாகப்பட்டினம் கிச்சாங்குப்பம் தலைமை ஆசிரியர் பாலு. பெரிய மனிதர்களைக் குறை சொல்ல வரவில்லை. ஆதிதிராவிடர் நல விடுதியின் காப்பாளர் ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லையே என்பதுதான் நம் கேள்வி.

அப்படி ஒருவர் இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் போய்ப் பாருங்கள். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. பள்ளி ஆண்டின் நடுவில் வீட்டைக் காலி செய்யச் சொன்னதால் படிப்பு அறுந்த பிள்ளைகள் உண்டு. பழைய பள்ளியை விட மனமில்லாமல் விடியற்காலையில் பஸ் ஏறியவர்களும் உண்டு. அங்கே மாலை வகுப்பு எடுக்கும் பட்டதாரிப் பெண்கள், எந்தப் பிள்ளை எந்த வாரம் நின்றது, ஏன் நின்றது என்று விரல்விட்டுச் சொல்வார்கள். அவர்களை யாரும் ஆலோசகர் என்று அழைப்பதில்லை. அவர்களுக்கு லெட்டர்பேடு கிடையாது.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைப்பதாக 2023 நிதிநிலை அறிக்கை சொன்னது. சந்துரு அறிக்கையும் எல்லாப் பள்ளிகளும் ஒரே துறையின் கீழ் வர வேண்டும் என்றது. சேரிப் பள்ளி என்ற முத்திரை போகும் என்பது ஒரு பக்கம். அந்தப் பள்ளிகளின் நிலம், பணியிடம், விடுதி என்னவாகும் என்பது மறுபக்கம். எதிர்ப்பு எழுந்ததற்கு இந்தக் கேள்விகளே காரணம். இதற்குப் பதில் சொல்லத் தகுதி உள்ளவர்கள் அங்கே இருபது ஆண்டு சாக்பீஸ் பிடித்தவர்களும், அங்கேயே படித்து வெளியே வந்தவர்களும்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேலை. அடுத்த குழு அறிவிக்கப்படும் நாளில், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் பார்த்த வேலையை எழுதுங்கள். விடுதிக் காப்பாளர், நலப்பள்ளி ஆசிரியர், மாலை வகுப்பு நடத்துபவர் யாரும் அதில் இல்லை என்றால், மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் நாமும் வருகிறோம்.