மார்க்கண்டேய நதியும் நாமும்



கிருஷ்ணகிரி மாவட்டத்து வேப்பனப்பள்ளிப் பக்கம் போனால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும். அந்த மண்ணை நனைக்கும் மார்க்கண்டேய நதியும் அப்படித்தான். கர்நாடகத்தில் பிறந்து, கோலார் மாவட்டத்து ஊர்களைத் தொட்டு, எல்லை தாண்டி நம் பக்கம் வருகிறது. மாரசந்திரம் தடுப்பணையைக் கடந்து, கிருஷ்ணகிரி அணையில் தென்பெண்ணையோடு சேர்கிறது.

மழைக்காலம் போனால் பல மாதம் வெறும் மணல்தான். ஆனால் அந்த மணல் சும்மா கிடப்பதில்லை. வெள்ளம் வந்த நாளில் குடித்த தண்ணீரை அடியில் வைத்திருந்து, கரையோரக் கிணறுகளுக்கு ஊறவிடும். மணலை அள்ளிக்கொண்டு போனாலும், வெள்ளமே வராமல் போனாலும் கிணறு வறளும். தடுப்பணை வழியும் செய்தி வந்தால் விவசாயிகள் முகம் மலர்வது அதனால்தான். 1950-களில் கட்டிய கிருஷ்ணகிரி அணையை நம்பி 9,012 ஏக்கர் பாசனம் நடக்கிறது. தென்பெண்ணை பெங்களூருவின் கழிவைச் சுமந்து, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி வருகிற இந்தக் காலத்தில், துணையாற்றுத் தண்ணீர் ஒவ்வொரு சொட்டும் முக்கியம்.

எல்லைக்கு மேலே, பங்காருப்பேட்டை வட்டத்து யார்கோளில், இந்த மார்க்கண்டேய நதியின் குறுக்கே கர்நாடகம் அரை டி.எம்.சி. கொள்ளும் அணை கட்டியிருக்கிறது. கோலார், மாலூர், பங்காருப்பேட்டை நகரங்களுக்குக் குடிநீர் என்பது அவர்கள் சொல்லும் காரணம். 1892-இல் மதராஸும் மைசூரும் செய்த ஒப்பந்தத்தில் தென்பெண்ணையாறு இருக்கிறது, அதன் துணையாறும் அதில் அடங்கும் என்பது தமிழ்நாட்டின் வாதம். உச்ச நீதிமன்றம் 2019 நவம்பர் 14-இல் அணைக்கு இடைக்காலத் தடை கொடுக்க மறுத்து, நடுவர் மன்றம் கேட்டு மத்திய அரசிடம் போகச் சொன்னது. அணையோ எழுந்து, நிறைந்தும் விட்டது.

கோலார் வறண்ட பூமி. அங்கே ஒரு தாய் குடத்தோடு காத்திருப்பது நமக்குச் சம்பந்தமில்லாத காரியம் இல்லை. ஆனால் மேலே எவ்வளவு வந்தது, எவ்வளவு தேங்கியது, எவ்வளவு கீழே விட்டார்கள் என்ற கணக்கு வேப்பனப்பள்ளி விவசாயிக்கும் தெரிய வேண்டும். அதை அன்றாடம் இரு மாநிலத்தாரும் பார்க்கும்படி வெளியிட நடுவர் மன்றம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

காவிரியைப் பாடப்புத்தகத்தில் படித்தோம். நம் வயலோரத்து ஓடையைப் படித்தோமா? உங்கள் ஊர் ஓடையின் பெயர் என்ன, எந்த ஏரியில் தொடங்குகிறது, எங்கே போய்ச் சேர்கிறது, கடைசியாகக் கரைபுரண்டது எந்த வருடம் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி அனுப்புங்கள். கையால் போட்ட வரைபடமானாலும் சரி, வரும் இதழ்களில் இடம் ஒதுக்கி வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்