சாவியைக் கொடுத்தாச்சு... காரைக் கொடுத்தாச்சா?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு சுமார் 40 கிலோமீட்டர். பஸ்ஸில் ஜன்னலோர ஸீட் கிடைத்தால், வழியில் எத்தனை 'கார் கன்சல்டிங்' போர்டு வருகிறதென்று எண்ணிக்கொண்டே வாருங்கள். கன்சல்டிங் என்றதும் ஏதோ டாக்டரைப் பார்க்கப் போகிற சமாச்சாரம் போல இருக்கும். உள்ளே போனால் தகரக் கூரை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர் அடித்துத் துடைத்த ஏழெட்டுக் கார்கள். கண்ணாடியில் வெள்ளை எழுத்தில் 'மாடல் 2014, ஓனர் 2, இன்ஷூரன்ஸ் கரன்ட்.'

பழைய கார் வாங்கப் போகிறவனுக்கு அறிவுரை சொல்ல ஊரே திரண்டு வரும். மாமா வருவார். மாமாவுக்குத் தெரிந்த மெக்கானிக் வருவார். கதவை ரெண்டு தட்டுத் தட்டி, "இது பட்டி பார்த்த வண்டி" என்று உதட்டைப் பிதுக்குவார். ஆனால், விற்கப் போகிறவனுக்குத் துணைக்கு ஒருத்தரும் வர மாட்டார்கள். "விக்கிறதுதானே, காசை எண்ணி வாங்கிட்டு வா" என்று அனுப்பிவிடுவார்கள். அசல் வில்லங்கமே விற்கிற இடத்தில்தான் இருக்கிறது.

விழுப்புரத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிற என் நண்பர், தன் வேகன்-ஆரைத் திண்டிவனத்தில் ஒரு கன்சல்டிங்குக்குத் தள்ளிவிட்டார். துணைக்கு நான். பேரம் பேசியதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எல்லோரும் பேசுகிற மாதிரிதான் பேசினோம், எல்லோரும் தோற்கிற மாதிரிதான் தோற்றோம். 2,15,000 ரூபாய்க்கு முடிந்தது. டீ வந்தது. டீயோடு பேப்பரும் வந்தது.

"தம்பி, இந்த ரெண்டு பாரத்துலயும் ஒரு கையெழுத்து. டெலிவரி நோட்டுல ஸ்டாம்ப் மேல ஒண்ணு. பேரு, தேதியெல்லாம் நாம போட்டுக்கலாம்" என்றார் முதலாளி.

"வாங்கறவர் பேர் காலியா இருக்கே அண்ணே?"

"வாங்கறவரு இன்னும் வரலியே தம்பி! பார்ட்டி வந்ததும் நேரா அவர் பேருக்கே மாத்திடுவோம். நடுவுல என் பேரு எதுக்கு?"

நியாயமான கேள்விதான், அவர் பக்கத்திலிருந்து பார்த்தால். வண்டியைத் தன் பேருக்கு ஒருமுறை மாற்றி, மறுபடி வாங்குபவர் பேருக்கு மாற்றினால் ரெண்டு தடவை ஃபீஸ், ரெண்டு தடவை அலைச்சல். அதைவிட முக்கியம், 'ஓனர் 2' என்று கண்ணாடியில் எழுதியது 'ஓனர் 3' ஆகிவிடும். ரேட் இறங்கும். ஆகவே 29-ம் நம்பர் பாரமும் 30-ம் நம்பர் பாரமும் கையெழுத்தோடு, தேதியில்லாமல் மேஜை டிராயரில் தூங்கும். வண்டி ஷெட்டில் நிற்கும். உங்கள் பேரில்!

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 50-வது பிரிவு. மாநிலத்துக்குள்ளேயே விற்றால், விற்றவர் 14 நாளைக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் ஓனர். நீங்கள் மனசால் காரைத் துறந்து சன்னியாசியாகிவிட்டது ஆர்.டி.ஓ. ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

வேடிக்கை இல்லை. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பான ஒரு வழக்கு. ஒருவர் 2007-ல் தன் காரை விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார், அவர் மற்றொருவருக்கு. யாரும் பேர் மாற்றவில்லை. 2009 மே மாதம் ஒருநாள் காலை, அந்தக் கார் பின்பக்கமாக வந்து ஒரு பெண்மணி மீதும் கூட நடந்துவந்த பையன் மீதும் மோதியது. பையன் அங்கேயே இறந்துபோனான். நஷ்ட ஈடு யார் கொடுப்பது? ஹைகோர்ட், கடைசியாக வண்டியை வைத்திருந்தவர் என்றது. சுப்ரீம் கோர்ட் அதை மாற்றி, ஆர்.சி.யில் பேர் இருக்கிறவர்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. குழந்தையைப் பறிகொடுத்த குடும்பம், கார் எத்தனை கை மாறியது என்று ஒவ்வொரு வீடாகத் தேடிக்கொண்டு அலைய முடியுமா என்பது கோர்ட்டின் வாதம். மறுக்க முடிகிறதா? 2007-லேயே சாவியைக் கொடுத்தவர் நிலைமையையும் நினைத்துப் பாருங்கள்.

'இன்ஷூரன்ஸ் இருக்குமே சார்' என்பீர்கள். உயிரோடு இருந்தால் கம்பெனி கொடுக்கும். ஷெட்டில் பல மாசம் நிற்கிற வண்டிக்கு நடுவில் பாலிஸி முடிந்துபோனால் பிரீமியம் யார் கட்டுவது? அவர் உங்களை நினைப்பார், நீங்கள் அவரை நினைப்பீர்கள்.

இதற்கு ஒரு மருந்து வந்திருக்கிறது. 2022 டிசம்பரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது. பழைய கார் வியாபாரி ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்றிதழ் வாங்க வேண்டும். 5 வருஷம் செல்லும். அப்படிப்பட்டவரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது ஓனரும் வியாபாரியும் சேர்ந்து '29சி' என்ற பாரத்தை போர்ட்டலில் ஏற்றினால் ஒப்புகை எண் வரும். அதிலிருந்து வண்டிக்கு அவரே ஓனராகக் கருதப்படுவார். வண்டியால் ஏதாவது நடந்தால் பொறுப்பும் அவருடையது. ஓனர் எண்ணிக்கையும் கூடாது. அதன்பிறகு பேர் மாற்றம், டூப்ளிகேட் ஆர்.சி., என்.ஓ.சி. எல்லாவற்றுக்கும் அவரே விண்ணப்பிக்கலாம். சோதனை ஓட்டம், ரிப்பேர் போன்ற காரியங்களைத் தவிர வண்டியை ரோட்டில் எடுக்கவும் கூடாது. மச்சினிச்சி கல்யாணத்துக்கு உங்கள் காரில் போகிற ஜோலி கிடையாது!

இதைத்தான் முதலாளியிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"தம்பி வக்கீலா?"

"இல்லண்ணே, பி.காம்."

"அதான் பார்த்தேன்" என்று டிராயரைத் திறந்து, பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ் ஒன்றை எடுத்து வைத்தார். "நம்மகிட்ட இருக்கு தம்பி. யாரும் கேக்கறதில்ல, நானும் எடுக்கறதில்ல."

எல்லா டிராயரிலும் இருக்காது. இல்லையென்றால் ரெண்டே வழி. ஒன்று, வியாபாரி தன் பேருக்கே மாற்றிக்கொள்ள வேண்டும். அல்லது, பார்ட்டி வரும்வரை கார் உங்கள் வீட்டு வாசலிலேயே நிற்கட்டும். டெலிவரி நோட்டில் தேதி, மணி எல்லாம் போட்டு வாங்கிக்கொண்டேனே என்று சிலர் பர்ஸைத் தட்டிக் காட்டுவார்கள். நல்லதுதான். பின்னால் வியாபாரி மீது பாய அது உதவும். அடிபட்டவர் உங்கள் மீது பாய்வதைத் தடுக்காது.

அடுத்து பணம். ரெக்ஸின் பையில் கட்டுக்கட்டாக வந்தது. மகாலட்சுமியைப் பார்த்ததும் நண்பர் முகம் மலர்ந்தது. நான்தான் பையை மூடினேன். 2017 முதல், ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய முழுத் தொகையும் அபராதமாகலாம். கொடுத்தவருக்கு அல்ல, வாங்கியவருக்கு! அக்கவுன்ட்டுக்கு மாற்றச் சொல்லி, மெசேஜ் வந்த பிறகுதான் சாவி கைமாறியது.

சில்லறை விஷயங்கள் சில. பாங்க் கடனை எப்போதோ அடைத்திருப்பீர்கள், ஆர்.சி.யில் பாங்க் பேர் இன்னும் உட்கார்ந்திருக்கும். 35-ம் நம்பர் பாரமும் பாங்க்கின் கடிதமும் கொடுத்து அதை எடுத்தால்தான் பேர் மாறும். அடுத்து, க்ளெய்மே வாங்காமல் ஓட்டினீர்களே, அந்த 'நோ க்ளெய்ம் போனஸ்' காருடையது அல்ல, உங்களுடையது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால், 3 வருஷத்துக்குள் வாங்குகிற புதுக் காருக்கு, சொந்த சேத பிரீமியத்தில் 50 சதவிகிதம் வரை குறையும். அதை இலவச இணைப்பாகக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள்தான் ஜாஸ்தி.

புதுச்சேரி நம்பர் வண்டி என்றால் கதை வேறு. அங்கே வரி கம்மி என்று பி.ஒய்-01 போர்டோடு வாங்கி இங்கே ஓட்டியவர்கள், விற்கும்போது என்.ஓ.சி.க்கு அங்கே நிற்க வேண்டும். தமிழ்நாட்டு வரி என்றதும் வாங்குகிறவர் விலையில் கை வைப்பார். மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும்.

ஃபாஸ்டாக் பெரிய காமெடி. அதை மூடாமல் காரைக் கொடுத்துவிட்டால், வியாபாரி ஒவ்வொரு தடவை விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டும்போதும் உங்கள் செல்போன் 'டிங்' என்று அடிக்கும், உங்கள் காசில். முன்னாள் காரின் ஊர்வலத்தை இருந்த இடத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

ஒப்புகை எண் வந்து, ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்து, எழுந்தபோது டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரை நண்பர் பார்த்துக்கொண்டே நின்றார். எட்டு வருஷமாகக் கூட வந்தவர்.

"பிள்ளையாரைத் தாராளமா எடுத்துக்குங்க தம்பி" என்றார் முதலாளி. "ஆனா, டிக்கியில ஜாக்கியைக் காணோமே... அது வீட்டுலயா இருக்கு?"