அறுநூறு ரூபாய் மிச்சம்

நாமக்கல்லில் லாரி ஆபீஸில் கணக்கு எழுதும் நண்பர், பைக் இன்ஷூரன்ஸுக்கு இரண்டு கம்பெனி கொட்டேஷனோடு வந்தார். 125 சி.சி. வண்டி. ‘இதுல அறுநூறு கம்மிங்க. போட்டுரட்டுங்களா?’

தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் பேரமே கிடையாது. 75-க்கு மேல் 150 சி.சி. வரை 714 ரூபாய் என்று 2022-ல் அரசாங்கமே நிர்ணயித்தது. எல்லாக் கம்பெனிக்கும் அதேதான். அதுவும் நீங்கள் இடித்தவருக்கு. உங்கள் பைக்குக்குப் பைசா வராது. அப்புறம் அறுநூறு எங்கே குறைந்தது?

பொடி எழுத்தில் ‘ஐ.டி.வி.’ என்றிருந்தது. வண்டி திருடு போனால் அதிகபட்சம் கிடைக்கிற தொகை. ஒன்றில் 62,000, மலிவானதில் 48,000! அதில் இன்னொன்றையும் காணோம்: ஓட்டுகிற சொந்தக்காரருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு. வேறு பாலிசியில் அந்தளவுக்கு இருந்தால் இதை விடலாம். நண்பரிடம் இல்லை. தினமும் ராசிபுரத்திலிருந்து முட்டை லாரிகளுக்கு நடுவே வந்து போகிறவர். வீட்டில் இரண்டு சின்னப் பெண்கள்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘மொதல்லதே இருக்கட்டுங்க’ என்று எழுந்தார்.

வாசல் வரை போனேன். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டாங்க் மேல் பத்திரமாக வைத்துக்கொண்டு கிளம்பினார்.